வீசன்ராட்டில் அடுப்பு மூட்டியவள்

மாலை ஐந்து மணி. பனிக்காலத்து ஐந்து மணி என்றால் எங்கள் பக்கம் கும்மிருட்டு. அரண்மனைக் குன்றிலிருந்து கல்லறைக் கோயிலுக்கு இறங்கும் லிண்டன் மரச் சாலை... அதில் ஒருத்தி தனியாகப் போகிறாள். கையில் கரி போட்ட மண்சட்டி. மேலே பனி, கீழே பனி. அவள் காலடியைத் தவிர வேறு சத்தமே இல்லை. போகும்போது இல்லை. திரும்பி வரும்போதுதான்...

இருங்கள். கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மெத்தைக்கு இறகு கிழிக்கிற கை நிற்க வேண்டாம். தும்மாமல் இருந்தால் போதும், தும்மினால் வாத்து இறகு மொத்தமும் கூரைக்குப் பறந்துவிடும். லிஸ்பெத், கணப்பு ஓரமாக இருக்கிற அந்தக் கூடையில் மட்டும் கை வைக்காதே. அது வேறு இறகு.

அந்தச் சட்டிக்காரி என் சிநேகிதி வால்புர்காவின் வம்சத்தில் பல தலைமுறைக்கு முந்தியவள். பெயர் அப்பொலோனியா. ஊருக்கெல்லாம் ப்ளோனி. வீசன்ராட் அரண்மனையில் சமையல்காரி.

வீசன்ராட் அப்போது தனி நாடு. சிரிக்காதீர்கள். காலைக் கஞ்சி குடித்துவிட்டு நடந்தால் மதியச் சூப்புக்குள் எல்லைக்கல் வந்துவிடும். ஆனாலும் தனி நாடு, தனிப் பிரபு, தனித் தூக்குமரம். எட்டுப் பிரபுக்கள் ஆண்டு முடித்து, கோயில் நிலவறையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். முதலாமவர் காட்டை வெட்டி நாடாக்கியவர். குதிரையை விரட்டும் இரும்புக் குதிமுள்ளைக் காலிலிருந்து கழற்றவே விடாமல் அதோடேயே புதைக்கப்பட்டவர். மூன்றாமவர் ஒரு காட்டையே சீட்டாட்டத்தில் தோற்றவர். ஐந்தாமவர்... பாவம், மூன்று வயதில் பட்டம் கட்டி, நான்கு வயதில் அம்மை போட்டுப் போன குழந்தை. ஒன்பதாமவர் கசிமிர் பிரபு. மாடியில் நெஞ்சு இரைந்துகொண்டு கிடந்தார். பிள்ளை கிடையாது. தங்கை மகள் லியனோராதான் வாரிசு. அவள் வண்டி பனியில் எங்கோ ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்த நாட்டில் பட்டம் கட்டுவதற்குக் கிரீடம் எல்லாம் இல்லை. அரண்மனைச் சமையலறை அடுப்புதான். ஒரு பிரபு மூட்டிய நெருப்பு, அவர் காலம் முழுக்க அணையாமல் எரியும். பிரபு செத்தால் புதிதாக வருகிறவர் தன் கையால் அதை அணைத்து, தன் கையால் மறுபடி மூட்டுவார். யார் மூட்டினாரோ அவர் நாடு. அவ்வளவுதான் சட்டம்.

இது பக்கத்து நாட்டுக் கோமானுக்கும் தெரியும். அவருடைய ஆட்கள் ஒரு வாரமாகக் கீழே சத்திரத்தில் குந்தியிருந்தார்கள். கூடவே சாட்சிக்கு ஒரு பத்திரக்காரர். வாரிசு வருவதற்குள் அடுப்பு அணைந்தால், முதலில் ஓடிப்போய் மூட்டிவிட வேண்டும். நாடு கோமானுக்கு.

கோமானுக்கு நாடு எதற்கு? ஆளுக்குத்தான். கடல் கடந்த சண்டைகளுக்குத் தன் நாட்டு ஆண்களைப் பட்டாளம் பட்டாளமாக விற்கிறவர் அவர். உயரமானவர்கள் முதலில். போனவன் ஒருவனும் திரும்பியதில்லை. 'கூட்டிட்டுப் போயிட்டாங்க' என்பார்கள் எங்கள் பக்கத்தில். செத்தவர்களைச் சொல்லவும் அதே வார்த்தைதான்.

ப்ளோனியின் புருஷன் கிலியான் விறகுவெட்டி. வீசன்ராட்டிலேயே உயரமான மனிதன்.

அன்று காலையில்தான் விறகு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான்.

"ஏய்யா நெட்டைக்கொக்கு, நிலை இடிக்கும், குனிஞ்சு வா."

"இந்த அரண்மனையிலே நான் குனியாத நிலை எதுடி? பிரபுமாரெல்லாம் குள்ளம்போல."

"வாயை மூடு. மேலே ஒருத்தர் சாகக் கிடக்கார்."

"தெரியும். சத்திரத்திலே அவனுங்க பீரைக் குடிச்சுக்கிட்டு உங்க புகைபோக்கியையே பாத்துக்கிட்டு இருக்கானுங்க. என்னைக் கண்டதும் ஒருத்தன் எழுந்து வந்து கைத்தடியாலே என் உயரத்தை அளந்தான். 'கப்பல்லே கூரை தாழ்வு, பாத்து நில்லு'ங்கிறான்."

கிலியான் சிரித்தான். ப்ளோனி சிரிக்கவில்லை. அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை சொருகினாள்.

மூன்று மணிக்குப் பிரபுவின் மூச்சு நின்றது. காரியஸ்தர் டீல்மான் அறைக் கதவைப் பூட்டினார். மணி அடிக்கவில்லை. லியனோரா வருகிற வரைக்கும் பிரபு தூங்குகிறார் என்று பேச்சு.

நாலரை மணிக்கு... தொப்பென்று ஒரு சத்தம். புகைபோக்கி உச்சியில் ஒரு வாரமாகக் கட்டியிருந்த பனி மொத்தமும் சரிந்து அடுப்பில் விழுந்தது. உஸ்ஸென்று வெள்ளை ஆவி. ஈரச் சாம்பல் நாற்றம். பிறகு, அந்தச் சமையலறையில் யாரும் ஒருநாளும் கண்டிராத இருட்டு.

டீல்மான் ஓடி வந்தார். "ஏம்மா... என்ன பண்ணித் தொலைச்சே?"

"நான் பண்ணல ஐயா. பனி விழுந்துட்டுது. சக்கிமுக்கியை எடுங்க, தட்டி மூட்டிடறேன்."

"தொடாதே! புது நெருப்புன்னா புது ஆட்சி. பழைய நெருப்பு வேணும்." வெறும் தலையில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார். சட்டென்று நின்றார். "நிலவறை விளக்கு! ஒவ்வொரு பிரபுவைப் புதைக்கிறப்பவும் இந்த அடுப்பிலேருந்துதானே அதை ஏத்தறாங்க? அதுவும் இதே நெருப்புதான். ஓடு. பனி கொட்டுற வரைக்கும் அவனுங்களுக்குப் புகைபோக்கியிலே பொறி பறக்குதா இல்லையான்னு தெரியாது. நின்னா தெரிஞ்சுடும்."

"ஐயா... மூட்டறவங்க பிரபுவாச்சே. நான் எப்படி?"

"சமையல்காரி மூட்டினா அதெல்லாம் ஒரு மூட்டலா? தினமும் நீதானே கட்டை போடறே. இன்னும் ஒரு கட்டைன்னு நினைச்சுக்கோ. ஓடு!"

அப்படித்தான் அவள் அந்தச் சாலையில் இறங்கினாள்.

நிலவறைக்குப் பூட்டு கிடையாது. படி இறங்க இறங்க, எண்ணெய்ப் புகையும் வாடிப்போன ஆப்பிளும் கலந்த மாதிரி ஒரு வாசனை. சிவப்புக் கண்ணாடிக்குள் சின்னச் சுடர். இரண்டு பக்கமும் கல்பெட்டிகள். நடுவில் ஒன்று மட்டும் குட்டை. தொட்டில் நீளம்தான். ப்ளோனி யாரையும் பார்க்காமல் தேவதாருச் செதிலைச் சுடரில் பிடித்துச் சட்டிக்குள் போட்டாள். கரி சிவந்தது.

விளக்கு அணைந்தது.

காற்றே இல்லை. அந்தச் சுடர் அவள் பக்கமாகச் சாய்ந்து, சட்டிக்குள் இறங்கின மாதிரி... அணைந்தது. அந்த நாட்டின் நெருப்பெல்லாம் இப்போது அவள் கையில். இருட்டில், முதுகுக்குப் பின்னால், கல் கல்லின்மேல் நகர்கிற சத்தம். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

நெருப்பு கொண்டுபோகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் நெருப்பு செத்துவிடும். இது உங்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் திரும்பவில்லை.

சாலையில் பாதி தூரம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம்... ணிங். ணிங். குதிமுள். பனியில் பூட்ஸ் அழுந்தும் சத்தம், ஒருவர். அப்புறம் இருவர். அப்புறம் எத்தனை என்று தெரியாத அளவுக்கு. அவள் நடந்தால் நடந்தார்கள். நின்றால் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், பெரியவர்களை எட்டிப் பிடிக்கத் திணறுகிற குழந்தையின் குடுகுடு ஓட்டம்.

பனி குறைந்தது. ஒன்று... இரண்டு... நின்றே விட்டது. கீழே சத்திரத்துக் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. ஒருவன் கத்தினான். குதிரை கனைத்தது.

ப்ளோனி ஓடினாள். பின்னால் அத்தனை பேரும் ஓடினார்கள்.

சமையலறைக்குள் விழுந்து, ஈரச் சாம்பலைக் கையாலேயே வாரி எறிந்து, சட்டியைக் கவிழ்த்து ஊதினாள். ஊதினாள். செதில் பற்றியது. விறகு பற்றியது. புகைபோக்கி 'ஹூ'வென்று இழுத்தது. உச்சியில் பொறி பறந்தது. வெளியே, மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த குளம்புச் சத்தம் நின்றது. தயங்கியது. திரும்பியது.

கிலியான் தப்பினான்! அப்படியே சுவரில் சாய்ந்து அழப்போனவளுக்கு, முதுகில் குளிர் அடித்தது. நெருப்பு இத்தனை எரிந்தும் குளிர்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வரிசையாக நின்றார்கள். ஈரக் கம்பளியும் மெழுகும் மண்ணும் நாறின. அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. அவர்கள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வரிசையின் கடைசியில், இரவு அங்கியோடு, வெறுங்காலோடு கசிமிர் பிரபு. மாடிக் கதவு பூட்டித்தான் இருந்தது.

குதிமுள்காரர் முன்னால் வந்தார். ணிங். அவள் முன்னால்... ஒரு முழங்காலை ஊன்றினார். மற்றவர்களும் ஊன்றினார்கள். அடுப்பு மூட்டியவள் அவள். அவர்களுக்குச் சட்டம் சட்டம்தான். சமையல்காரியாவது, மண்ணாவது.

"உத்தரவு?" என்றார்.

ஒரே ஓர் உத்தரவு. ப்ளோனிக்கு நாடு ஞாபகம் வரவில்லை, பொன் ஞாபகம் வரவில்லை. நெஞ்சில் இருந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

"என் கிலியானை யாரும் கூட்டிட்டுப் போகக்கூடாது."

ஒவ்வொருவராக வந்து அவள் வலது கையில் உதடு வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் குழந்தைப் பிரபு. எட்டாமல், குதிகாலைத் தூக்கி நின்று முத்தமிட்டுவிட்டு, போகாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"யாருமேவா?"

"யாருமே," என்றாள் ப்ளோனி. "என்னைக்குமே."

குழந்தை தலை குனிந்துகொண்டு போய்விட்டது.

டீல்மான் உள்ளே வந்தபோது, அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தரையில் இரண்டு வரிசையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் வலது கை மெழுகு போல வெளுத்திருந்தது. அதற்கப்புறம் அதன்மேல் விழுந்த பனி உருகியதே இல்லை.

மறுநாள் மதியம் லியனோரா வந்து அடுப்பை அணைத்தாள், மூட்டினாள். நாடு அவளுக்கு. எல்லாம் முறைப்படி.

வருஷங்கள் கழித்துப் பெரிய சண்டை வந்து, எங்கள் பக்கத்துச் சின்ன நாடுகளையெல்லாம் பெரியவை விழுங்கின. வீசன்ராட்டைக் கோமானின் மகன் விழுங்கினான். ஆள் பிடிக்க வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கூட்டிட்டுப் போனார்கள். கிலியான் தன் வாசலிலேயே நின்றான். மூன்று தரம் அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் கண்ணும் அவன்மேல் விழவில்லை. அன்றைக்கு ப்ளோனி ஆடினாளாம்.

பிறகு ஒருநாள் காட்டில் பெரிய மரம் சாய்ந்தது. கூட நின்ற இருவர் அங்கேயே போனார்கள். கிலியான் எழுந்து, முறிந்த முதுகோடு வீட்டுக்கு நடந்து வந்தான். காய்ச்சல் வந்து தெருவே காலியானது. கிலியான் கிடந்தான், எரிந்தான், போகவில்லை. எழுபது. எண்பது. தொண்ணூறு. "என்னை மறந்துட்டாங்கடி ப்ளோனி" என்று சிரிப்பான் முதலில். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டான். ராத்திரியெல்லாம் எலும்பு வலியில் கத்துவான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தடியூன்றி நிலவறைக்குப் போனாள். படியில் உட்கார்ந்து கத்தினாள். "உத்தரவை மாத்தறேன்! கேக்குதா? ஐயா! சின்னப் பிரபுவே! கூட்டிட்டுப் போங்க அவரை!" கல் அசையவில்லை. யார் சொல்லி யார் கேட்பது? அடுப்பை லியனோரா எப்போதோ மூட்டியாகிவிட்டது. ப்ளோனி இப்போது வெறும் சமையல்காரி.

அந்தக் குளிர்காலத்திலேயே அவளைக் கூட்டிட்டுப் போய்விட்டார்கள்.

கிலியானை மகள் பார்த்துக்கொண்டாள். பிறகு மகளின் மகள். மனிதன் சாகாவிட்டால் என்ன ஆவான், கண்ணுகளா? தேய்வான். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கொஞ்சம். நிலையில் தலை இடிபட்டவன் மேசை உயரமானான். அப்புறம் தொட்டில் போதுமானது. அரண்மனை இடிந்துவிட்டது. அடுப்பு மூட்ட அங்கே இனி யாரும் வரப்போவதில்லை.

வால்புர்காவின் அறைக்கதவை நான் நாற்பது வருஷம் திறந்து பார்த்ததில்லை. உள்ளே யாரோ முனகுவார்கள். "எலி" என்பாள். இந்த இலையுதிர்காலத்தில் அவள் படுத்தாள். வம்சத்தில் அவள்தான் கடைசி. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சிநேகிதி.

பாலில் தோய்த்த ரொட்டி, ஒரு விரல்நுனி அளவு. அது போதும் அவருக்கு. குளிர்தான் ஆகாது. அதனால்தான் நல்ல இறகாகப் பார்த்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

லிஸ்பெத், கதவு சாத்தியிருக்கிறதா, பார். ஜன்னல்? சரி. காற்று எங்கிருந்தும் வரவில்லை, இல்லையா? உங்கள் மடியில் இருக்கிற இறகு ஒன்றுகூட அசையவில்லை.

இப்போது அந்தக் கூடையைப் பாருங்கள். மேலாக இருக்கிற அந்த ஓர் இறகை. ஏறுகிறது... இறங்குகிறது... ஏறுகிறது...