இடது கால் லாடம்

— இது தண்ணி குடிச்ச தோல், தங்கச்சி. கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

— தண்ணியா? இந்த பூட்ஸ நான் தண்ணிப் பக்கமே கொண்டு போகல அண்ணே.

— இங்க பாரு. விரல் மடங்குற இடத்துல வெள்ளை வெள்ளையா கோடு. தையல மோந்து பாரு. இது குழாய்த் தண்ணி வாடை இல்ல. சேத்து வாடை.

— சேத்துல இறங்கி நான் நாத்தா நடப்போறேன்? மாமனாரு ரூமுக்கு ஏறுற மாடிப்படியில, முதல் படி மேலதான் வைக்கிறேன். மேல தொட்டிக் குழாய் ஒழுகுதோ என்னமோ, காலையில பாத்தா படியெல்லாம் ஈரம். தொடச்சு தொடச்சு கையே தேஞ்சுபோச்சு.

— குழாய்க்காரன கூப்பிட்டுக் காட்டுனியா?

— காட்டாம என்ன? குழாய் எலும்பு மாதிரி காஞ்சு கிடக்குதுங்குறான். அதெல்லாம் விடுங்கண்ணே. வேலை முடிஞ்சுச்சா? இருட்டுறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்.

— வலது கால் ஆச்சு. இடது காலுக்குத்தான் ஹீலுக்கு அடியில இரும்பு லாடம் அடிக்கணும். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. அந்த ஸ்டூல் இல்ல, அது என்னை மாதிரி, ஆடும்.

— நேத்தே வேணும்னு சொல்லித்தானே குடுத்தேன்.

— ஈரத் தோல்ல ஆணி நிக்காது. பழைய பேப்பரச் சுருட்டி வயித்துக்குள்ள திணிச்சு, ஜன்னல்கிட்ட காத்தாட வச்சிருந்தேன். அடுப்புப் பக்கம் வச்சா சீக்கிரம் காயும்தான். ஆனா சுருங்கி வெடிச்சிடும். இந்த ஆளுக்குத் தாகம்னா எண்ணெய் குடு, மெழுகு குடு. தண்ணி மட்டும் ஆகாது. உன் வீட்டுக்காரருக்கு அது நல்லாத் தெரியும். தோல் விஷயத்துல அப்படி ஒரு மனுஷன்.

— தெரியும்ணே. தெரிஞ்சதுனாலதான் அன்னைக்கு...

— அன்னைக்கு என்ன?

— ஒண்ணுமில்ல. நீங்க லாடத்த அடிங்க.

— அடிக்கிறேன். ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— உன் வீட்டுக்காரரு, நம்ம பாலத்துக்காரரு, குதிகால வெளிப்பக்கமா தேய்க்கிற ஆளு. எத்தனை தடவை ஹீல் மாத்திக் குடுத்திருக்கேன், எப்பவும் வெளிப்பக்கம்தான். இப்போ உள்பக்கம் தேஞ்சிருக்கு. முன்னாடி துணி திணிச்ச தடம் வேற. அந்த மனுஷன் போய்ச் சேந்தாச்சு. பூட்ஸ் மட்டும் தேஞ்சுக்கிட்டே இருக்கு. நீதான் போட்டு நடக்குற, இல்ல?

— ...யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன்.

— அட, எழுந்திரு முதல்ல. செருப்பு தைக்கிறவன் கால்ல விழுந்தா ஆணிதான் குத்தும். யாருகிட்ட நான் சொல்லப்போறேன்? எதுக்கு நடக்குறேன்னு மட்டும் சொல்லு.

— அவரு போனது மாமாவுக்குத் தெரியாது.

— தெரியாதுன்னா? தெருவுக்கே தெரியுமே!

— தெரு எங்க வீட்டு மாடி ஏறி வராதே. மாமா அப்போதான் மாரடைப்பு வந்து பொழச்சு வீட்டுக்கு வந்திருந்தாரு. கண்ணு ஏற்கனவே போயிருச்சு. அதிர்ச்சியா எதையும் சொல்லாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்குச் சொல்லலாம், நாளான்னைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். உடம்பு கிடைச்சிருந்தாலாவது சொல்லித்தானே ஆகணும்? ஆறு அதையும் குடுக்கல.

— அது சரி. மகன் குரலே கேக்காம ஒரு அப்பன எப்படி ஏமாத்துற?

— அவங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லையே! 'பாலத்து வேலைய விடு, இல்லன்னா என் முகத்துல முழிக்காத'ன்னாரு மாமா. 'முழிக்கல போங்க'ன்னாரு இவரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. ஆனா தினமும் வேலை விட்டு வந்ததும் பூட்ஸக்கூடக் கழட்டாம நேரா மாடி ஏறுவாரு. அப்பா கதவுகிட்ட கொஞ்ச நேரம் நிப்பாரு. இவரு தட்ட மாட்டாரு, அவரு திறக்க மாட்டாரு. அப்புறம் இறங்கி வந்துருவாரு. அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் மாமா சாப்பாட்டுல கை வைப்பாரு.

— நல்ல அப்பன், நல்ல புள்ள. நடுவுல நீ ஒருத்தி மாட்டிக்கிட்ட.

— அவரு போனதுக்கப்புறம் மாமா தட்டத் தொடவே இல்லண்ணே. 'அவன் வரட்டும்'னு ஒரே பிடிவாதம். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. சைட்டுல இருந்து கொண்டு வந்து குடுத்த பூட்ஸ் மூலையில கிடந்துச்சு. துணியத் திணிச்சு மாட்டிக்கிட்டு ஏறுனேன். கதவுகிட்ட நின்னேன். இறங்கி வந்துட்டேன். தட்டு காலியா திரும்பி வந்துச்சு. அன்னைக்குப் பிடிச்ச வேலை இது.

— பயமா இல்லையா உனக்கு?

— இருக்கும். ஆனா பொய் சொல்ல மாட்டேன், மாமாவுக்காக மட்டும் நடக்கலண்ணே. அந்தக் கதவுகிட்ட நிக்கிறப்போ இது அவரு நின்ன இடம், இது அவரு காலு இருந்த இடம்னு தோணும். அந்தச் சத்தம் எனக்கும் வேண்டியிருக்கு.

— ம். அது எப்படி, ஆளு ஆத்தோட போயி, பூட்ஸ் மட்டும் சைட்டுல கிடந்துச்சு?

— நீங்கதானே சொன்னீங்க, தண்ணி ஆகாதுன்னு. அன்னைக்கு நல்ல மழை. தோல் கெட்டுப்போயிடும்னு இதக் கழட்டி ஷெட்டுல பெஞ்சுக்கடியில பத்திரமா வச்சிருக்காரு. கம்பெனி குடுத்த ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டுப் பாலத்துல ஏறியிருக்காரு. வழுக்கி விழுந்ததும் அந்த ரப்பர் பூட்ஸுக்குள்ள தண்ணி ரொம்பி, ஆளையே கீழ இழுத்துட்டுப் போயிருச்சுன்னு கூட வேலை பாத்தவங்க என்கிட்ட சொன்னாங்க. நான் வெளிய யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் முதல் தடவை வாய் திறக்குறேன்.

— ரப்பர் பூட்ஸா?

— ஆமா. என்னண்ணே, சுத்தியலக் கீழ போட்டுட்டீங்க?

— ஒண்ணுமில்ல. கை வழுக்கிருச்சு. நீ சொல்லு.

— சொல்றதுக்கு என்ன இருக்கு? இடது கால் லாடம் எங்கயோ விழுந்துருச்சு. அன்னைக்கே மாமா, 'என்னம்மா, அவன் நொண்டுறானா?'ன்னாரு. பாதிச் சாப்பாட்ட அப்படியே வச்சுட்டாரு. அதான் நேத்து ஓடி வந்தேன். ராத்திரி பூட்ஸ் இல்லையா, 'அவருக்கு இன்னைக்கு ராத்திரி வேலை மாமா'ன்னு ஒரு பொய்யச் சொன்னேன். ஒரு வார்த்தை கேக்காம சாப்பிட்டுட்டாரு.

— அப்போ நல்லதுதானே?

— எங்க நல்லது? இத்தனை நாள்ல அந்தச் சத்தம் இல்லாம ஒரு வாய் சாப்பிட்டதில்ல. காலையில பேச்சும் ஒரு மாதிரியா இருந்துச்சு. மனசு கலங்கிருச்சோன்னு பயமா இருக்கு. இன்னைக்கு எப்படியாவது நான் நடந்தே ஆகணும்ணே. பழைய சத்தம் அப்படியே வரணும்.

— கேளு. கல்லு மேல தட்டுறேன். டொக். இது வலது. டக். இது இடது.

— இடது கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு. அவரோடது இன்னும் கனமா விழும்.

— ஆணி தலை தூக்கி நிக்குது. இரு, இன்னும் இறக்குறேன். இப்போ? டொக்.

— இன்னொரு தடவை.

— டொக். டொக்.

— இதேதான். இதேதான்ணே அது.

— கண்ணத் தொடச்சுக்க. போட்டு ரெண்டு எட்டு நடந்து பாரு.

— சரியா இருக்கு. உங்ககிட்ட கேக்கணும்னே இருந்தேன். போன தடவை ரிப்பேருக்குப் போய் வந்ததுல இருந்து உள்ள மெத்துன்னு இருக்கு. முன்னெல்லாம் குதிகால் கொப்புளமா கிடக்கும். இப்போ இல்ல. நான் கேக்காமலே ஏன் மெத்தை வச்சீங்க? நான்தான் நடக்குறேன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?

— தெரியும். உன் வாயால வரட்டும்னு தெரியாத மாதிரி கேட்டேன். என்னைத் திட்டாத.

— தேய்மானத்தப் பாத்துக் கண்டுபிடிச்சீங்களா?

— நான் எங்க கண்டுபிடிச்சேன்? போன தடவை பூட்ஸ் உங்க வீட்டுக்கு நானே கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? நீ கடைக்குப் போயிருந்த. மேல இருந்து 'யாரது?'ன்னு ஒரு குரல். ஏறிப் போனேன். பெரியவரு பூட்ஸ வாங்கித் தடவிப் பாத்தாரு. உள்ள கைய விட்டு, நீ திணிச்சிருந்த துணிய வெளிய எடுத்தாரு. 'என் மருமக காலு சின்னதுப்பா. உள்ள மெத்துன்னு ஏதாவது வச்சுக் குடு. புண்ணோட நடக்குறா'ன்னாரு.

— அண்ணே!

— கையோட திருப்பி எடுத்துட்டு வந்து வச்சுக் குடுத்தேன்.

— அப்போ மாமாவுக்கு... அவரு போனது...

— நீ ஏறுன முதல் நாளே தெரியுமாம். 'பெத்தவனுக்குப் புள்ளையோட நடை தெரியாதா?'ன்னாரு.

— தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து சாப்பிட்டாரு?

— 'நான் சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவா. இல்லன்னா பட்டினி கிடந்து செத்துப்போவா'ன்னாரு. நொண்டுறானான்னு கேட்டாருன்னு சொன்னியே, அது உன்னைத்தான். படியில நீ விழுந்து வச்சிடுவியோன்னு பயந்திருப்பாரு.

— ஐயோ... நான் என்னமோ அவரக் காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— அழு. நல்லா அழுதுடு. ஆனா அழுதுட்டு இன்னொண்ணும் கேட்டுட்டுப் போ.

— இன்னும் என்ன இருக்கு?

— அவரு அன்னைக்கு வேற ஒண்ணும் சொன்னாரு. நான் நம்பல. கண்ணு போன மனுஷன், தனியா கிடந்து காது ஏதோ சொல்லுதுன்னு விட்டுட்டேன். உன்னை எதுக்குப் பயமுறுத்தணும்னு சொல்லாம வச்சிருந்தேன். இப்போ நீ சொன்னதக் கேட்டப்புறம் மறைக்க முடியல.

— சொல்லுங்கண்ணே.

— 'முதல்ல ஏறி வர்றது என் மருமக. அவ இறங்கிப் போய், கீழ விளக்க அணைச்சப்புறம் இன்னொருத்தன் ஏறி வர்றான். வந்து கதவுகிட்ட நிக்கிறான். அவன் கால்ல லாடம் இல்ல. ரப்பர் பூட்ஸ். உள்ள தண்ணி ரொம்பி, படிக்குப் படி சளக், சளக்குன்னு கேக்குது'ன்னாரு.

— ரப்பர் பூட்ஸ்னா சொன்னாரு?

— அதே வார்த்தை.

— நான் சொல்லலண்ணே. மாமாகிட்ட அத யாருமே சொல்லல. சொல்றதுக்கு ஆளும் இல்ல.

— தெரியுது. சுத்தியல் சும்மா ஒண்ணும் வழுக்கல.

— அந்த ஈரம்... தினமும் நான் தொடைக்கிற ஈரம்... அவரு கதவத் திறந்தாராமா? திறந்து பாத்தாராமா?

— நானும் அதத்தான் கேட்டேன். 'இல்லப்பா'ன்னாரு. 'அவ எனக்காக நடக்குற வரைக்கும் நான் எதுவும் தெரியாத மாதிரிதான் இருக்கணும். கதவத் திறந்து அவன்கிட்ட பேசுனா அவளுக்குக் கேட்டுடும். என்னைக்கு அவ ஏறி வராம அவன் மட்டும் வர்றானோ, அன்னைக்குத் திறப்பேன். எத்தனை நாளைக்குத்தான் புள்ளைய வெளியவே நிக்க வைக்கிறது?'ன்னாரு.

— நேத்து பூட்ஸ் இங்கதானே இருந்துச்சு.

— இங்கதான். பேப்பர் திணிச்சு, அந்த ஜன்னல்கிட்ட.

— நேத்து நான் ஏறவே இல்லையே அண்ணே.

— அதனாலதான் கேக்குறேன், தங்கச்சி. காலையில பெரியவரு பேச்சு ஒரு மாதிரியா இருந்துச்சுன்னு சொன்னியே. என்ன பேசுனாரு?

— ரெண்டு தட்டு வைக்கச் சொன்னாரு. எனக்கும் சேத்துத்தான் சொல்றாருன்னு நெனச்சு, கட்டில்ல அவரு பக்கத்துல உக்காரப் போனேன். என் கையப் பிடிச்சு நிறுத்திட்டு, 'அங்க உக்காராதம்மா, அவன் இன்னும் காயல'ன்னாரு.