பத்தொன்பது சான்றிதழ்களுக்காகவும் பொய் சொல்லாத தோவேரா நியிரோங்கோ அம்மையாருக்கு

ரும்பி மாவட்ட ஆசிரியர் மேம்பாட்டு மையத்தை முப்பத்தொரு ஆண்டுகள் தாங்கி நின்றவரே, எங்கள் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களே,

உங்கள் பணியை முழுதாகச் சொல்ல இந்தப் பிரிவுபசாரப் பிற்பகல் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

இலவச இணையப் படிப்புகள் வந்தபோது உலகமே சேர்ந்தது. நம் ஆசிரியர்களும் கணிதம் கற்பிக்கும் படிப்பில் அறுபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு ஊரில், கைபேசியோடு தனியாக மல்லுக்கட்டினார்கள். முடித்தவர்கள் நான்கு பேர். எல்லா நாட்டிலும் பெரும்பாலோர் பாதியில்தான் விடுகிறார்கள் என்று உங்களைத் தேற்றினோம். நீங்கள் தேறவில்லை. அடுத்த முறை சேர்ந்தவர்களைச் சனிக்கிழமைதோறும் இந்த அறையில் உட்காரவைத்தீர்கள். ஒரு மடிக்கணினி, ஒரே இணைய இணைப்பு, சுவரில் பாடம், அதைப் பற்றி நம் தும்புகா மொழியில் சண்டை. பத்தொன்பது பேர் தேர்வை எழுதி முடித்தார்கள். எல்லோரும் ஒப்பந்த ஆசிரியர்கள். நிரந்தர வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

மறுநாள் படிப்பை நடத்துபவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பத்தொன்பது விடைகளும் ஒரே இணைப்பிலிருந்து வந்திருக்கின்றன, சராசரியை விளக்கப் பத்தொன்பது பேரும் போலேரோ ஊர் மாவு மில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தையே காட்டியிருக்கிறார்கள், காப்பியடித்ததாகச் சந்தேகம், ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் எல்லாம் ரத்து. மூன்று சனிக்கிழமை அந்த மில்லைப் பற்றியே வாதாடியவர்கள் வேறு எதை எழுதுவார்கள்?

உதவி ஒருங்கிணைப்பாளர் லுசுங்கு ஒரு வழி சொன்னார். "அவங்கவங்க வீட்ல தனியா எழுதினோம்னு பத்தொம்பது பேரும் ஆளுக்கொரு கடிதம் போட்டுடலாம் மேடம்."

"அந்தப் பத்தொம்பதையும் நீதானேப்பா எழுதிக் குடுப்ப?" என்றீர்கள். "சேர்ந்து படிச்சோம், தனித்தனியா எழுதினோம். அதையே சொல்லுவோம். நம்பலேன்னா ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்கட்டும்."

எங்களுக்குப் பயமாக இருந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டதும் பயம் கூடியது. காணொளியில் ஓர் அம்மையார் முகம் பார்த்து நடத்தும் வாய்மொழித் தேர்வு, ஆளுக்குப் பத்து நிமிடம்.

"அந்தம்மா வேகமா பேசினா என்ன பண்றது மேடம்?" என்று பத்தொன்பதில் ஒருவரான கோமெஸ்கானி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மெதுவா கேளுங்கன்னு சொல்லு. எழுபத்தெட்டு பிள்ளைங்கள அடக்குறவன், ஒரு அம்மாவுக்கா பயப்படுற?"

மின்சாரம் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் நீங்களே அழைத்து, தேர்வைத் தொடரக் கேட்டீர்கள். நான்காம் நாள் முடிவு வந்தது. பத்தொன்பதும் செல்லும். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து, "யாராவது போய் மண்டாசி வாங்கிட்டு வாங்க, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றீர்கள். அன்றுதான் எங்களுக்கும் பசித்தது.

அதன்பின் அந்தப் படிப்பின் சேர்க்கைப் படிவத்தில் குழுவாகப் படிப்போர் பதிந்துகொள்ள ஓர் இடம் வைத்தார்கள். இந்த அறையிலிருந்து இதுவரை இருநூற்று ஆறு பேர் முடித்திருக்கிறார்கள்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று என் மனைவி தவோங்காவுடையது. அதைக் கொண்டு அவள் இரண்டு பருவம் நிரந்தர ஆசிரியையாக இருந்தாள். இப்போது அவள் இல்லை; அது வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் ஒரு பொய்யும் இல்லை.

நெடுநாள் நலமாக இருங்கள், அம்மா. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மையப் பணியாளர்கள் அனைவருக்காகவும்,
மயாமிகோ ஹாரா