பாதி நிலம் போதும்

இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிறது, ஆனால் தேங்காய்ச் சட்னி அரைக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். தமிழ் படிக்கத் தெரிந்த ஆளும் நான் ஒருவன்தான். அதனால் இதை எழுதி மேசைமேல் திறந்தபடியே போட்டுவிட்டுக் கடைக்குப் போய்வர முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து உருண்டை உருண்டையாக அழகாக இருக்கிறது என்பார்கள்.

என் பெயர் துலுக்காணம். சித்தூர்ப் பக்கம் குடிபாலா. இப்போது இருப்பது பிலிப்பைன்ஸில், என் மனைவி லோர்னா பிறந்த ஊரில். அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. எப்படி இறந்தாள் என்பதை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மழைக்காலம், வேறு வேலையும் இல்லை.

எங்களுக்கு நிலம் கிடையாது. என் நைனா நாற்பது வருடம் ஒரே ஆளுடைய மாந்தோப்பில் வேலை செய்தார். குடிசையும் அந்தத் தோப்பிலேயேதான். "இருக்கிற வரைக்கும் இருந்துக்கோடா" என்று தோப்புக்காரர் சொல்லியிருந்தார். தொண்ணூற்றைந்தில் மாம்பழக் கூழ் தொழிற்சாலை வந்தது, தோப்பு நல்ல விலைக்குப் போனது. நைனாவுக்கு ஒரு சாயங்காலம் வரை டைம் கொடுத்தார்கள். எங்கள் சாமான்களுக்கு அதுவே அதிகம். மதியமே முடிந்துவிட்டது.

மறுவருடம் குவைத் போனேன், டிரைவர் வேலை. அதே வீட்டில் லோர்னா சமையல். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இரண்டாயிரத்து ஒன்றில் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊருக்கே வந்துவிட்டோம். வீடு, தென்னை, நெல்வயல் எல்லாம் சேர்த்து மூன்று ஏக்கர் அவள் பெயரில் இருந்தது.

இங்கே வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்க முடியாது. எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பத்திரத்தில் பெயர் ஏறாது. மனைவி போய்ச் சேர்ந்தால் மட்டும் புருஷனுக்குப் பங்கு உண்டு. பிள்ளை இல்லை, உயிலும் இல்லை என்றால் பாதி புருஷனுக்கு, பாதி கூடப்பிறந்தவர்களுக்கு. லோர்னாவுக்கு ஒரே தங்கை, நெனிதா. இதையெல்லாம் எனக்கு விளக்கியதே லோர்னாதான். ஒரு துண்டாவது என் பேரில் மாற்ற முடியாதா என்று கேட்டிருந்தேன்.

"நான் செத்தாத்தான் உண்டு, துலா. அதுவரைக்கும் தேங்கா துன்னுக்கினு இரு" என்றாள். குவைத்தில் பழகிய உடைந்த இங்கிலீஷில்தான் நாங்கள் பேசுவோம். 'துன்னுக்கினு' மட்டும் என்னிடம் கற்ற தமிழ். நானும் சிரித்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் அவளை எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். அவள் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் உன் சாமியையும் ஒருமுறை பார்த்துவைக்கிறேன் என்று சொல்லி, திருப்பதியில் படியேறியே தீருவேன் என்றாள். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது சொன்னாள்: "ஊருக்குப் போனதும் நிலத்தை நெனிதா புள்ளைங்க பேர்ல எழுதிடறேன். நமக்குத்தான் புள்ளை இல்லையே. இருக்கிற வரைக்கும் நாம இருந்துக்கலாம். நமக்கு எதுக்குக் காகிதம்?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். எங்கள் தோப்புக்காரரை அவளுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஐம்பது படிகூட ஏறியிருக்க மாட்டோம், ஈரப் படியில் வழுக்கினாள். நான் தள்ளவில்லை. அந்தச் சமயத்தில் நான் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முனை தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கூட்டம் கூடிவிட்டது. கீழே திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். புத்தூருக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்தான், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு பெரியவர் தன் துண்டையே கொடுத்துச் சுற்றச் சொன்னார்.

குவைத் போகுமுன் புத்தூரில் இரண்டு வருடம் டீக்கடையில் கிளாஸ் கழுவியிருக்கிறேன். எதிர்க் கட்டடத்தில் கட்டுப் போடுவார்கள். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, துணி. தினமும் பார்த்ததால் எனக்கே போடத் தெரியும். எந்தக் காலுக்குப் போடக்கூடாது என்பதும் தெரியும்.

அன்று நான் அழைத்துப் போனது வேறொரு வைத்தியரிடம், வயதானவர். துண்டை விலக்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "புண்ணு கீதுப்பா. ரத்தம் பாத்த காலுக்கு நான் கட்டு போடமாட்டேன். உள்ளயே அழுகிடும். நேரா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ, நிக்காத" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாரு?" என்று காரில் லோர்னா கேட்டாள்.

"சின்ன முறிவுதானாம். இருபத்தோரு நாள் கட்டு இருக்கணுமாம்."

"கோவமா இருந்த மாதிரி இருந்துச்சே."

"எங்க ஊர்ப் பெரியவங்க மூஞ்சியே அப்படித்தான்" என்றேன். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சாமான்களை வாங்கிக்கொண்டு குடிபாலாவில் அண்ணன் வீட்டுக்குப் போய் நானே கட்டினேன். நல்ல கட்டு. சுருக்கம் இல்லை. அண்ணன் சண்முகம் அந்தக் கூழ் தொழிற்சாலையில்தான் ஷிஃப்ட், அவருக்கு எதையும் கவனிக்க நேரமில்லை. அண்ணி வெங்கடம்மாதான் வீட்டில். லோர்னாவுடைய போன் எங்கள் ஊரில் வேலை செய்யவில்லை. வேறு சிம் வாங்கித் தர எனக்கு ஞாபகம் வரவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. பச்சிலைச் சூடு, எல்லோருக்கும் வரும் என்றேன். மாத்திரை கொடுத்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் அண்ணி என்னை வெளியே கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு கால்ல நாத்தம் வருதுப்பா. அவுத்துப் பாரேன்."

"இருவத்தியோரு நாளு அவுக்கக் கூடாதுன்னு புத்தூர்ல சொல்லிக்கிறாரு அண்ணி."

"வேலூரு இங்க இருந்து அரை மணி நேரந்தான். ஒருவாட்டி காட்டிட்டு வந்தா இன்னா?"

"நடுவுல அவுத்தா கால் கோணிக்கும்."

"புத்தூர்ல சொல்லிக்கிறாங்கன்னா சரிதான்" என்று அண்ணி உள்ளே போய் ஊதுவத்தி ஏற்றி வைத்தார்.

பத்தாம் நாள் காலையில் லோர்னாவுக்கு நினைவு இல்லை. ஆட்டோவில் வேலூருக்குக் கொண்டுபோனேன். கட்டை வெட்டிப் பார்த்த டாக்டர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. காட்டுமிராண்டி, படிக்காத முட்டாள், உங்களையெல்லாம் என்ன செய்தால் தகும் என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். முட்டாள் என்று பெயர் வாங்கினால் அதற்குமேல் யாரும் எதையும் கேட்பதில்லை. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று எழுதினார்கள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

சவப்பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தேன். நெனிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பங்கு பிரிக்கும்போது, வீட்டை ஒட்டிய பாதியை நீயே வைத்துக்கொள் என்று அவளே சொன்னாள். ஒன்றரை ஏக்கர். எனக்கு அது போதும், நான் பேராசைக்காரன் இல்லை. பத்திரத்தில் என் பெயரை அவர்கள் எழுத்தில் 'துலுகானம்' என்று அடித்திருக்கிறார்கள். பரவாயில்லை, நான்தான் அது. எங்கள் வம்சத்தில் ஒரு காகிதத்தில் நிலத்தோடு பெயர் வந்த முதல் ஆள். நெனிதா ஞாயிற்றுக்கிழமை மீன் கொடுத்து அனுப்புகிறாள். வேறு யாரும் அதிகம் பேச வருவதில்லை. பாஷை எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் லோர்னாவுக்குக் கொஞ்சம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "துலா, அந்தப் பெரியவர் நிஜமா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். நேராகக் கேட்டவளிடம் நேராகச் சொல்வதுதான் மரியாதை. புண் இருப்பதால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் என்றேன்.

திட்டவில்லை. "அப்ப போலாம்" என்றாள்.

"நாளைக்குப் போலாம்" என்றேன்.

"இப்ப, துலா."

"நாளைக்கு."

வாழ்ந்த காலத்தில் அவளுக்குக் கொடுத்த வாக்கு எதையும் நான் மீறியதில்லை. சொன்னபடியே மறுநாள் விடிந்ததும் ஆட்டோ பிடித்துவிட்டேன்.