அடிபட்ட தூரப் பொட்டி

இருங்கய்யா, இந்தச் சோத்த மசிச்சுத் துணியில வடிச்சிட்டா முடிஞ்சிடும். உள்ள எங்க வீட்டுக்காரரு படுத்திருக்காருல்ல, தாடையக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, உறிஞ்சித்தான் குடிக்கணும். விபத்தப் பத்தி விசாரிக்க வந்தத நீங்க கேளுங்க, கை பாட்டுக்கு வேல செய்யும்.

இவரு பழுது பாத்தது சரியில்லாமதான் விமானம் மலையில முட்டுச்சுன்னு யாருய்யா சொன்னது? மொதலாளி வீட்டு ஆளுங்களா? அந்தப் பொட்டி பழசு, வாஸ்தவம்தான். தரையில இருக்கிற நிலையம் விமானத்துலேர்ந்து எத்தன மைல் தூரம்னு காட்டுற பொட்டி. இவரு கை பட்டா ஒழுங்காக் காட்டும்.

அன்னிக்கு நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன், கொழந்த இடுப்புல. விமானத்த தானே ஓட்டிட்டு வந்த மொதலாளி எறங்கினதும் எறங்காததுமா, நிலையத்துக்கு நேர் மேல பறக்குறேன், இது ஒரு மைலுங்குது, யார ஏமாத்துறன்னாரு. ஐயா, அது உங்க ஒசரம், மேலேர்ந்து கீழ வரைக்கும் தூரம் இருக்குல்லன்னாரு இவரு. அஞ்சாவது படிச்ச எனக்கே புரிஞ்சுது. நக்கலான்னு கேட்டு, பொட்டிய உருவி இவரு மூஞ்சியிலயே போட்டாரு. விழுந்ததும் மறுபடி, மறுபடி. எலும்பு நொறுங்குது. கொழந்த காதப் பொத்தினேன். என் காதப் பொத்தக் கை இல்லய்யா. அப்புறம் ரத்தத்த இவரு சட்டையிலயே தொடச்சிட்டு, பொட்டியத் திரும்ப விமானத்துல சொருகிட்டாரு.

இல்லய்யா, அப்ப இவரால பேச முடியல. ஆனா ஒரு சீட்டுல எழுதினாரு. ஓடிப்போய் அவருகிட்ட குடுன்னு கையக் காட்டினாரு. அடிச்சவனுக்கு! எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கிட்டேதான் ஓடினேன். பொட்டி அடிபட்டுடுச்சு, தூரம் தப்பாக் காட்டும், மேகத்துல அத நம்பி எறங்காதீங்கன்னு இருந்துச்சு.

மொதலாளி என்னப் பாத்து, என்னடி, புருஷன் பல்லப் பொறுக்க வந்தியான்னாரு.

நான் யாரு மொகத்தயும் பாத்துப் பேசுறவ இல்லய்யா. ஆமாய்யான்னேன். குனிஞ்சு பொறுக்கினேன். நாலு பல்லு. பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள விமானம் கெளம்பிடுச்சு.

முட்டினப்ப விமானத்துல மொதலாளி ஒருத்தர்தானே இருந்தாரு? நெசமாவா? சரி.

சீட்டு இங்கதான் இருக்கு, இந்தாங்க. இவரு வேல சுத்தம்னு எழுதிக்குங்க, என்னய என்ன வேணாலும் பண்ணுங்க. ஆனா ஒண்ணு, மொதலாளிகிட்ட அன்னிக்கே குடுத்துட்டேன்னுதான் இவருகிட்ட சொல்லியிருக்கேன்... ஐயோ, டம்ளரத் தட்டுறாரு, கூப்புடுறாரு. தோ வரேங்க! ஐயா, சீட்ட மடிச்சு உள்ள வைங்க, இவரு கண்ணுல மட்டும் பட்டுடாம...