செலக்‌ஷனுக்குப் போன ராஜபார்ட்

அக்கிராசனம் வகித்து அவைக்கு அழகு சேர்க்கும் பெரியவர், எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி, ஜனாப் மக்பூல் அகமது சாயபு அவர்களே! அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் வக்கீல் ஐயா அவர்களே! இடப்பக்கம் வீற்றிருக்கும்... இடப்பக்கம் யாரும் இல்லை, வெறும் நாற்காலி. எனக்குப் போட்டதாம், மன்னியுங்கள். முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! திரைக்கு அப்பால் திரளாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! வேலை விட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் என் ஷாப்புத் தோழர்களே! பகலில் தோலைத் தரம் பிரிப்பவன், இரவில் முடி தரிப்பவன், நமது நாடக சபையின் ராஜபார்ட் பச்சையப்பன், உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கமும் சொல்கிறேன், சலாமும் சொல்கிறேன்.

‘பேசும் படத்துக்குத் தேர்வான பெருமகனுக்குப் பாராட்டு’ என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். நன்று! மிக நன்று! ஆனால் அந்தப் பெருமகன் தேர்வாகிவிட்டானா? சபைச் செயலாளரைக் கேட்டால் ‘ஆமாம்’ என்கிறார். என் மனைவி மீனாம்பாளைக் கேட்டால் ‘எனக்கின்னா தெரியும்’ என்கிறாள். என்னைக் கேட்டால்? சத்தியமாய் எனக்கும் தெரியாது! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அன்றைக்குச் சென்னையில் படக் கம்பெனி முதலாளி முன்னால் நான் நடித்துக் காட்டவேண்டும். தேறினால் படம். தேறாவிட்டால் எனக்கு நடிப்பே இல்லை. ஏன் இல்லை? டாக்கி என்று இந்தப் பேசும் படம் வந்ததும் நம் நாடகக் கொட்டகையில் கூட்டம் கம்மியாகிவிட்டது. போன நாடகத்தில் எதிரே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் ஜாஸ்தி. நடிக்காமல் என்னால் இருக்க முடியாது ஐயா, அவ்வளவுதான்.

வேலூருக்கு ஒரு டாக்கிக் கம்பெனி மானேஜர் வந்து நடிகர்களைப் பொறுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாள்முதல் நான் பட்ட பாடு இருக்கிறதே! அதிகாலையில் பாலாற்று மணலில் நின்று, அக்கரையில் கேட்கும்படி அரசவை வசனம் முழங்கினேன். ‘குரல்தான் குன்றாத செல்வம்’ என்று பச்சை முட்டை குடித்தேன், மிளகு மென்றேன், வெந்நீர் கொப்பளித்தேன். அப்போது வந்தார் ஒருவர். ‘டாக்கியில் மைக்கு என்று ஒன்று உண்டு, அதன் முன்னால் கத்தினால் மெஷின் வெடித்துவிடும், மெதுவாய்ப் பேசும்’ என்றார். சரியென்று மெதுவாய்ப் பேசிப் பழகினேன். என் மனைவி, “இன்னாய்யா, தொண்ட கட்டிக்கிச்சா? கஷாயம் வெக்கட்டா?” என்றாள். கையை ஆட்டாதே என்றார் இன்னொருவர். கை ஆடாவிட்டால் பிணம் மாதிரி இருக்கும் என்றார், நம் சபையில் ஸ்திரீபார்ட் போடும் சம்பத். அவர் மீசையை மழித்துவிட்டுச் சொன்னால் ஒரு மாதிரி இருக்கிறது, மீசையோடு சொன்னால் ஒரு மாதிரி இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பேன்? எதைப் பிடிப்பேன்? எதை விடுவேன்? உரக்கவா, மெதுவாகவா? ஆட்டவா, அடக்கவா? பேஜாராகிப்போய்ச் சோறு கூட இறங்கவில்லை.

இந்த நிலையில்தான், என்னோடு ஷாப்பில் தோல் பிரிக்கும் அமீர் பாஷா ஒரு சாயங்காலம் ஓடிவந்து, “தோஸ்த், நாளைக்கு வேலூர்ல செலக்‌ஷனாம். கோட்டைக்கு எதிர்ல மாடி பங்களா. உன்ன வரச் சொன்னாங்க” என்றான். அன்பர்களே, உங்களையே கேட்கிறேன்! நம் ஊரில் செலக்‌ஷன் என்றால் எது? தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவி, திருப்பி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பதா, இல்லையா? அதோ, எல்லோரும் ஆமாம் என்கிறீர்கள்! நான் மட்டும் வேறு எதை நினைப்பேன்? யாரோ பெரிய வியாபாரி வந்திருக்கிறார், சரக்குப் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சவரம் செய்யவில்லை. ஜிப்பா மாற்றவில்லை. நல்ல ஆட்டுத்தோலாக ஒரு கட்டுக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். பெட்டியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பங்களாவில் தங்க பிரேம் கண்ணாடி போட்ட மானேஜர். பக்கத்தில் ஓர் உதவியாளர். “எவ்வளவு நாளாய்த் தயார் செய்கிறீர்?” என்றார் மானேஜர்.

“நாலு வாரமாங்க. மொதல்ல சுண்ணாம்பு, அப்புறம் ஆவாரம்பட்டத் தண்ணி” என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். “தொண்டை எப்படி?”

“தொண்டப் பக்கம் கொஞ்சம் சுருக்கம் இருக்குங்க. வயிறு தொளதொளன்னுதான் இருக்கும். முதுகுதாங்க அசல் சரக்கு.”

“உமது முதுகை வைத்துக்கொண்டு நான் என்னய்யா செய்வது?”

“பூட்ஸ் தைக்கலாங்க!”

தாய்மார்களே, சிரிக்காதீர்கள்! உங்கள் சிரிப்புச் சத்தம் திரையைத் தாண்டி வருகிறது. அந்த உதவியாளர் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. என் கட்டுக்குள்ளிருந்து ஒரு தோலை இரண்டு விரலால் தூக்கி, மூக்கைச் சுளித்து, “மட்டமான தோல். டமாரத்துக்குக்கூட ஆகாது” என்று கீழே போட்டார். போட்டாரா? எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்! “இன்னா சொன்ன? எடு அத. கையால தடவிப் பாரு. பாத்துட்டுப் பேசு. நீ தோலப் பாத்திருக்கியா, இல்ல செருப்ப மட்டும்தான் பாத்திருக்கியா?” என்றேன். அவ்வளவுதான். மானேஜர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுகிறார்! “இதுதான் ஐயா! இதுதான் நான் ஊர் ஊராய்த் தேடியது!” என்கிறார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது, இது தோல் செலக்‌ஷன் இல்லை, ஆள் செலக்‌ஷன் என்று.

வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. “ஐயா, நான் ராஜபார்ட்டுங்க, அதச் செய்றேன்” என்று அரசவைக் காட்சியை எடுத்தேன். முழங்கினேன்! வாசலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரை மிரண்டு ஓடிவிட்டது. மானேஜர் காதைப் பொத்திக்கொண்டார். “அது வேண்டாம். படத்தில் தோல் வியாபாரி பார்ட் இருக்கிறது. முன்னே செய்தீரே அந்தக் கோபம், அதை வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி முன்னால் அப்படியே செய்யும், பார்ட் உமக்கு. ஆனால் நடித்தீரோ, கிடையாது!” என்று அனுப்பிவிட்டார்.

நடித்தால் நடிப்பு கிடையாது! இது என்ன நியாயம்? இது என்ன நிபந்தனை? நடிக்கத் தெரிந்தவனை நடிக்காதே என்றால் அவன் எங்கே போவான்? வீட்டில் தோலை விரித்து, “மீனாம்பா, இது மட்டம்னு சொல்லு, எனக்குக் கோவம் வரட்டும்” என்றேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான கீது? நான் ஏன் பொய் சொல்லணும்?” என்றாள். கண்ணாடி முன்னால் கத்தினேன்; ராஜா கத்தினார். மெதுவாய்ச் சொன்னேன்; சாமியார் சொன்னார். அந்தத் தோல் வியாபாரி மட்டும் வரவேயில்லை. உங்கள் மாலை என் கழுத்தில் இருக்கிறது, ஆனால் பயம் என் வயிற்றில் இருக்கிறது. பெரியோர்களே, அன்றைக்கு நான் நடித்தேனா, நடிக்கவில்லையா? நடிக்கவில்லையென்றால் எதற்கு இந்த மாலை? நடித்தேனென்றால் ஏன் அது திரும்பி வர...

யாரது பின்னாலிருந்து சத்தம் போடுவது? அமீர் பாஷாவா? உரக்கச் சொல், காதில் விழவில்லை. என்ன? நேற்று ஷாப்பில் நான் முதல் தரம் என்று கட்டிய தோல்கட்டில் பாதி இரண்டாம் தரமா? நீ பிரித்து மாற்றிப் போட்டாயா?

இன்னாடா சொன்ன? என் கட்டையா பிரிச்ச? பன்னெண்டு வருஷமா இந்தக் கையால தடவித்தான்டா தரம் போடறேன்! கண்ண மூடிக்கினே சொல்லுவேன்டா, எது மொதலு எது ரெண்டுன்னு! யாரக் கேட்டுத் தொட்ட? மொதலாளி ஒக்காந்திருக்காரேன்னு பாக்கறேன், இல்லன்னா இந்த மாலையோடவே எறங்கி வந்து...

ஏன் எல்லோரும் கைதட்டுகிறீர்கள்?

அக்கிராசனர் அவர்களே, நீங்களுமா?

ஐயையோ. இதுதான். அன்றைக்கு வேலூரில் வந்தது இதுதான்! அமீர், தோஸ்த், நீ சொன்னது பொய்தானே? என் தோல்கட்டை நீ தொடவில்லைதானே? ஏன் சிரிக்கிறாய்? நிஜமாகவே மாற்றிவிட்டாயா? சொல்லித் தொலையேன்! இல்லை, இல்லை, சொல்லாதே. வாயைத் திறக்காதே. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் எனக்கு நிஜத்தைச் சொல்லிவிடாதீர்கள். முதலாளி ஐயா, இவனையும் என்னோடு சென்னைக்கு அனுப்புங்கள். எதிரே உட்கார்ந்து இதே மாதிரி சிரிக்கட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் குழப்பத்தைப் பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களுக்கு நன்றி. மாலை போட்ட கைகளுக்கும், என் வயிறெரியச் செய்த வாய்க்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம், எல்லோருக்கும் சலாம். அமீர், எந்தக் கட்டுடா அது?