டூ வாரம்

எங்கள் பள்ளியில் ஒரு பிரம்பு இருக்கிறது. ஐந்தாம் வகுப்புச் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். இருபது வருடமாக அதற்கு வேறு வேலை கிடையாது. நான் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை, சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் விட்டுப்போகும்.

வனமாலா ஹெக்டே என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. அக்கோரு என்றால் தெரியும். சிர்சிப் பக்கம் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அக்கா என்பதோடு கொஞ்சம் மரியாதையைச் சேர்த்து.

போன வருடம் தாலுகா அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. வகுப்பறையில் மனித உறவுகள் என்று தலைப்பு. மத்தியானம் போட்ட புலாவில் உப்பே இல்லை. பாடம் எடுக்க வந்த அம்மாள் இரண்டாம் நாள் ஒரு வார்த்தை சொன்னார். "அடி வாங்கின புள்ள மறுநாள் மறந்துரும். ஆனா யாருமே பேச்சுக் குடுக்கலேன்னா, அதை எந்தப் புள்ளையும் தாங்காது." மற்ற டீச்சர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்களாம். நான் வழிமுறை என்று நினைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகள் சண்டை போட்டால் "சாளி டூ" என்று சுண்டுவிரலை நீட்டுவார்கள். அப்புறம் பேச்சு இல்லை. அரை மணியில் விரலைக் கோத்து ராஜியாகிவிடுவார்கள். அந்த அரை மணியை நான் ஒரு வாரமாக்கினேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். யார் பெயருக்கு அதிகச் சுண்டுவிரல் உயர்கிறதோ, அந்தப் பிள்ளை திங்கள் முதல் சனி மத்தியானம் வரை டூ. அது என்ன கேட்டாலும் வகுப்பில் யாரும் பதில் சொல்லக் கூடாது. நானும் சொல்லமாட்டேன். டீச்சருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று நான் சட்டம் வைப்பதில்லை.

முதல் வாரம் மஞ்சப்பா மாட்டினான். வருடம் முழுக்க வீட்டுப்பாடம் எழுதாத பயல். புதன்கிழமை அழுதான். வெள்ளிக்கிழமை இரண்டு நோட்டு நிறைய எழுதிக் கொண்டுவந்தான். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கோரே, உங்க கிளாஸ்ல ஈ பறந்தாக் கூட கேக்குதே, என்ன மந்திரம் போட்டீங்க?" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வாரத்தில் ஒரே ஒருத்திதான் சட்டத்தை மீறினாள். நாகவேணி. மஞ்சப்பாவுக்குத் தன் மத்தியானக் கடுபுக் கொழுக்கட்டையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, "தின்னுடா, வாய்தானே டூ, வயிறு என்ன பண்ணிச்சு?" என்றாள். வகுப்பே சிரித்தது.

அவளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வயது. குட்டை. அம்மா தேவகி பாக்கு உரிக்கப் போகிறவள். பெண்ணுக்கு வாய் ஓயாது. பாடத்திலும் பேசுவாள், பிரார்த்தனையிலும் பேசுவாள். தேவகியே ஒருமுறை என்னிடம், "இவ பத்து நிமிஷம் பேசாம இருந்தா, ஜுரமோன்னு நெத்தியத் தொட்டுப் பாப்பேன் அக்கோரே" என்றாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் பெயருக்கு நாலு விரல்தான் உயர்ந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பதினேழு என்று நான் சொன்னேன். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அவளுக்கு டூ உறைக்கவேயில்லை. கேள்வியையும் அவளே கேட்டாள், பதிலையும் அவளே சொன்னாள். வகுப்புத் தலைவி சிஞ்சனாவின் மூக்குக் குரலில், "ஏன் நாகவேணி, இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்பாள். உடனே தன் குரலில், "கஞ்சிதான் மகராசி, உங்க வீட்ல மாதிரி தினம் தோசையா?" என்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். வியாழக்கிழமை என் குரலிலும் பேசினாள். அச்சு அசலாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வயதுப் பெண்ணிடம் அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனாலும் கையை நீட்டவில்லை.

அடுத்த வாரமும் அவளுக்கே என்றேன். அதற்கு விரல் எண்ணவில்லை. பாதியில் விட்டால் வழிமுறைக்கு மரியாதை இல்லை.

இரண்டாம் வாரம் நடுவில் குரல் இறங்கியது. மற்றவர்களைப் போலப் பேசுவது நின்றது. ஒருநாள் இடைவேளையில் சிஞ்சனாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஏ சிஞ்சனா, நான் பேசறது கேக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லுடி. தலைய ஆட்டினாப் போதும்" என்றாள். சிஞ்சனா என்னைப் பார்த்தாள். பிறகு சட்டையை உருவிக்கொண்டு போனாள். பதிவேட்டில் அன்று, நல்ல முன்னேற்றம் என்று எழுதினேன். இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை தேவகி வந்தாள். கையில் பாக்குக் கறை, குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"புள்ள வீட்டுலயும் பேசறதில்ல அக்கோரே. சுவரப் பாத்து ஒக்காந்திருக்கா. ஸ்கூல்ல ஏதும் நடந்துச்சா?"

"பெரிய பொண்ணாகறா தேவகி. கவனம் வருது. நல்லதுதானே?"

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அன்றே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் ஒருமுறை கூட என்னிடம் வந்து தப்பு என்று சொல்லவில்லை. மஞ்சப்பா சொன்னான். ஒரு வார்த்தைதானே? மூன்றாம் வாரத்துக்கும் அவள் பெயரையே போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. நாகவேணி எழுந்து என் மேசைக்கு வந்து ஒற்றை விரலைக் காட்டினாள். போகலாம் என்று நான் சொல்ல முடியாது, டூ. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தானாகவே போனாள். பள்ளிக்குப் பின்னால் புதுக் கழிப்பறைக்கு பஞ்சாயத்தார் குழி வெட்டி, மேலே பாக்குமரப் பட்டைகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குழியில் மழைத் தண்ணீர் கட்டியிருந்தது. பட்டைகள் வழுக்கும் என்று நானே இரண்டு முறை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இல்லை, அவளிடம் இல்லை. அவள் அப்போது டூவில் இருந்தாள், அவள் கைகழுவப் போகட்டும் என்று இருந்துதான் சொன்னேன்.

முதலில் ஒரு சத்தம். பிறகு அவள் குரல். "சிஞ்சனா, கை குடுடீ." வகுப்பு அப்படியே நின்றது. பிறகு பக்கத்து பெஞ்சு தர்ஷனைக் கூப்பிட்டாள். பிறகு மஞ்சப்பாவை. அவன் எழுந்துவிட்டான். "அக்கோரே, நாகி தண்ணிக்குள்ள..." என்றான்.

"உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். நான் நடத்திக்கொண்டிருந்த பாட்டின் அடுத்த வரியை வாசித்தேன்.

பிள்ளைகள் மேல் எதுவும் எழுதாதீர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். ஹெட்மாஸ்டர் அன்று ஊரில் இல்லை, அவரையும் இழுக்க வேண்டாம். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தீர்களா என்று நேற்று வந்த அதிகாரி கேட்டார். ஆமாம் என்று சொல்லும்படி என் தம்பி கண்ணைக் காட்டினான். இல்லை, சார். இருபது வருடம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு எந்தக் குரல் விளையாட்டு, எந்தக் குரல் நிஜம் என்று தெரியாதா? முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. என் மேசையிலிருந்து குழிக்கு முப்பது அடி.

கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். "அக்கோரே" என்று மூன்று முறை. மூன்றாவது பாதியில் நின்றது. மூன்று வாரத்தில் அவள் முதல்முறையாக வாய் திறந்து என்னிடம் கெஞ்சினாள், நான் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். எழுந்திருக்க நாற்காலியை நகர்த்தக்கூடச் செய்தேன். ஆனால் இருபத்தோரு பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். நான் பதில் சொன்னால் சட்டம் போயிற்று. மணி அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. பாட்டை முடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னேன்.

எல்லோரும் சொன்னார்கள், ஒரு பிழை இல்லாமல். அழுதவர்களும் சொன்னார்கள். என் சர்வீஸில் அவ்வளவு ஒழுங்கான வகுப்பை நான் எடுத்ததில்லை.