கையை மோந்து பார்த்த முதலாளி

டோல்கேட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்று அரை மணி நேரமாகிவிட்டது. முன்சீட்டில் பயணியாக உட்கார்ந்திருந்த, வெள்ளைச் சட்டை போட்ட கார் டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் வெடித்தார்.

"என் கைய மோந்து பாத்தான் மாமு!"

"யாரு?"

"முதலாளிதான். டீசல் வாட வருதான்னு. அவனோட பெரிய காரு லிட்டருக்கு பதினாலு கிலோமீட்டர் குடுக்கும்னு புக்குல போட்டுக்கீதாம். மதுரை போய் வந்தா பத்துதான் வருது. மீதிய நான் உறிஞ்சி வித்துட்டனாம்!"

"இன்னா அநியாயம்!"

"எட்டு பேரு, மேல மூட்டை. எண்ணூர்லேர்ந்து வெளிய வரவே லாரி கியூவுல மூணு மணி நேரம். ஏசி நின்னுடும்னு என்ஜின ஆஃப் பண்ண வுடல. புக்கு எழுதுனவன் இங்க வந்து ஓட்டிப் பாக்கட்டும்!"

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன், நம்பல. போன வாரம் மதுரைக்கு அவனே ஓட்டுனான். நான் பின்னால குந்திகினு இருந்தேன். திரும்பி வந்து டேங்க ரொப்பிப் பாத்தா, அதே பத்து."

"அப்புறம்?"

"பங்க்குலயே கேட்டேன். 'சார், கைய நீட்டுங்க, நானும் மோந்து பாக்கறேன்'னு."

நண்பர் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"அதான் இன்னிக்கு பஸ்ல கீறேன்."